பழைய ரிசீவருக்கு மாற்று: 60,000 ரூபாய்க்குள் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வியின் சுருக்கம்: 2012-இல் வாங்கிய, ஹோம் தியேட்டரின் ஒலியைப் பிரித்துப் பெருக்கும் 5.1 (ஐந்து ஸ்பீக்கர், பேஸுக்கு ஒரு சப்வூஃபர்) ஏ.வி. ரிசீவரில் எச்.டி.எம்.ஐ. வழியே படம் விட்டுவிட்டு வருகிறது, சில நாட்களில் வருவதே இல்லை. ஆப்டிக்கல் கேபிளில் ஒலி ஒழுங்காக வருகிறது. ஸ்பீக்கர்கள் ஐந்தும் 8 ஓம், நல்ல நிலையில் உள்ளன. சப்வூஃபருக்குத் தனி மின் இணைப்பு இருக்கிறது. ஹால் 12-க்கு 16 அடி, சோஃபா பின்சுவரை ஒட்டி இருக்கிறது. டிவி 55 அங்குல 4கே, இ-ஆர்க் (டிவியின் ஒலியை எச்.டி.எம்.ஐ. கேபிளிலேயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) உள்ளது. செட்டாப் பாக்ஸ், ஸ்ட்ரீமிங் ஸ்டிக், ப்ளூ-ரே பிளேயர், பிஎஸ்5 ஆகியவற்றை இணைக்க வேண்டும். 60,000 ரூபாய்க்குள் 5.1 போதுமா, 7.2 வேண்டுமா, எத்தனை வாட் தேவை? அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் வாங்கி வரலாமா?

முதலில், பணம் செலவழிக்காமல் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் ரிசீவரில் ஒலியைப் பெருக்கும் பகுதி கெடவில்லை, எச்.டி.எம்.ஐ. போர்டு மட்டும் போயிருக்கலாம். அந்தப் போர்டில் சூடாகும் சிப்புகள் இருக்கின்றன. தினமும் சூடேறி ஆறுவதில் அவற்றின் அடியிலுள்ள ஈயப் பற்றுகள் நாளடைவில் விரிசல் விடும். போட்டவுடன் படம் வந்து அரை மணி நேரத்தில் மறைந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். 2009 தொடங்கிச் சில ஆண்டுகள் வந்த ஆன்கியோ மாடல்களில் இந்தப் போர்டு பரவலாகக் கெட்டதால், அந்த நிறுவனம் 2018 முடியும் வரை இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. ஆகவே இதை உங்கள் பராமரிப்புக் குறையாக எண்ண வேண்டாம்.

மின்பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் வையுங்கள். எல்லா எச்.டி.எம்.ஐ. கேபிள்களையும் கழற்றிவிட்டு, ப்ளூ-ரேயிலிருந்து ஒன்று, டிவிக்கு ஒன்று என இரண்டை மட்டும் மாட்டிப் பாருங்கள். பிறகு கையேட்டில் சொன்னபடி பேக்டரி ரீசெட் செய்து பாருங்கள். சில சமயம் ஒரு கெட்ட கேபிளோ, டிவியோடு கைகுலுக்க மறுக்கும் செட்டாப் பாக்ஸோ மொத்தத்தையும் குழப்பியிருக்கும். இதற்கும் சரியாகவில்லை என்றால் எல்லாக் கருவிகளையும் டிவியில் மாட்டி, டிவியின் ஆப்டிக்கல் அவுட்டை ரிசீவருக்குக் கொடுங்கள். டிவியின் ஒலி அமைப்பில் 'டால்பி டிஜிட்டல்' என்று வைத்தால் 5.1 அப்படியே கிடைக்கும். தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸும் ப்ளூ-ரேயின் இழப்பில்லாத ஒலியும் மட்டும் கிடைக்காது. இரண்டு வாரம் இப்படிக் கேளுங்கள். குறை தெரியவில்லை என்றால் அவசரப்பட்டு வாங்க வேண்டியதில்லை, தள்ளுபடிக் காலம் வரை காத்திருக்கலாம்.

இந்தப் பழுதே ரிசீவர் வாங்குவது பற்றி ஒன்றைச் சொல்லித் தருகிறது. ரிசீவரில் இரண்டு வகைப் பாகங்கள் இருக்கின்றன. டிரான்ஸ்ஃபார்மர், பவர் ஆம்ப், ஸ்பீக்கர் முனைகள் இருபது ஆண்டு தாங்கும். எச்.டி.எம்.ஐ., நெட்வொர்க், உள்ளே இருக்கும் ஆப் வசதிகள் ஐந்தாறு ஆண்டில் பழசாகிவிடும். விளம்பரம் முழுக்க இரண்டாவது வகையைப் பற்றித்தான் இருக்கும். உங்கள் பணம் முதல் வகைக்கும், அறைக்கேற்ப ஒலியைத் திருத்தும் வசதிக்கும் போகட்டும். இரண்டாவது வகையில் இன்றைய தேவைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

ரிசீவர் இல்லாமல், டிவிடி பிளேயரோடு ஒரே பெட்டியில் வந்த பழைய ஹோம் தியேட்டர் செட்டை மாற்ற நினைப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு குறிப்பு. அந்தச் செட்டுகளின் ஸ்பீக்கர்கள் பல 3 ஓம், சப்வூஃபருக்கும் தனி மின் இணைப்பு இராது. அவற்றைப் புது ரிசீவரில் மாட்டக் கூடாது. அவை அளவுக்கு மேல் கரன்ட் இழுப்பதால் ரிசீவர் பாதுகாப்பு நிலைக்குப் போய் அணையும். சப்வூஃபரை மாட்ட அதில் முனையே இருக்காது. அவர்கள் ஸ்பீக்கருக்கும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

எத்தனை வாட்?

அட்டைப்பெட்டியின் மேல் இருக்கும் எண்ணைப் பார்க்காதீர்கள். சோனி எஸ்.டி.ஆர்-டிஎச்590 நல்ல உதாரணம். 6 ஓமில், 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியில், ஒரே ஒரு சேனல் மட்டும் வேலை செய்ய, 0.9 சதவீதத் திரிபை அனுமதித்து அளந்தால் 145 வாட். அதே கருவியை 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல் ஓட, 0.09 சதவீதத் திரிபுக்குள் அளந்தால் 90 வாட். இரண்டும் உண்மையே, அளந்த விதம்தான் வேறு. இரண்டு ரிசீவர்களை ஒப்பிடும்போது 'இரண்டு சேனல், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ்' என்ற வரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓம் அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் 6 ஓமில் சொன்ன வாட் 8 ஓமில் குறையும். பின்பலகையில் அச்சிட்டிருக்கும் மின்நுகர்வும் உதவும். 400 சொச்சம் வாட் இழுக்கும் பெட்டி ஏழு சேனலுக்கும் ஒரே நேரத்தில் 150 வாட் கொடுக்க வழியே இல்லை.

இனி உங்கள் ஹாலுக்கு எவ்வளவு தேவை என்று கணக்குப் போடுவோம். சாதாரண புக்ஷெல்ஃப் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 88 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம்: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 88 டெசிபல் கேட்கும். நீங்கள் 10 அடி, அதாவது 3 மீட்டர் தள்ளி உட்காருகிறீர்கள். தூரத்தால் ஒன்பதரை டெசிபல் குறையும், மிச்சம் 78.5. வீட்டில் படம் பார்க்கும்போது வசனம் 65 முதல் 70 டெசிபலில் இருந்தால் தாராளம். வெடிச் சத்தம் அதைவிட 20 டெசிபல் எகிறி 90-ஐத் தொடும். அந்த 90-க்கு உங்களுக்கு வேண்டியது சுமார் 14 வாட்தான். அதிலும் ஆழ்ந்த பேஸை சப்வூஃபர் தன் சொந்த ஆம்பில் எடுத்துக்கொள்கிறது.

வாட் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்குக் கொஞ்சம் சத்தமாக இருக்கிறது என்று தோன்றும் அளவு. 70 வாட்டுக்கும் 90 வாட்டுக்கும் இடையே இருப்பது ஒரு டெசிபல் சொச்சம். அதற்காகப் பத்தாயிரம் கூடக் கொடுப்பது வீண். உங்கள் ஸ்பீக்கர்கள் 4 ஓம் என்றாலோ, சென்சிட்டிவிட்டி 84-க்குக் கீழே என்றாலோ, ஹால் இதைப்போல் இரண்டு மடங்கு என்றாலோதான் வாட் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

படம் எந்த வழியாகப் போகும்?

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் இதை வரைந்துவிடுங்கள். பழைய முறையில் எல்லாக் கருவிகளும் ரிசீவரில் மாட்டப்பட்டு, அங்கிருந்து ஒரு கேபிள் டிவிக்குப் போகும். இப்போது டிவியில் இ-ஆர்க் இருப்பதால் இன்னொரு வழி கிடைக்கிறது: கருவிகளை டிவியில் மாட்டலாம், டிவியின் இ-ஆர்க் போர்ட்டிலிருந்து ஒரே கேபிள் வழியாக ஒலி மட்டும் ரிசீவருக்குத் திரும்பி வரும்.

உங்களுக்கு இரண்டையும் கலப்பதுதான் சரி. பிஎஸ்5-ஐ டிவியில் நேரடியாக மாட்டுங்கள். 4கே 120 ஹெர்ட்ஸ், மாறும் புதுப்பிப்பு வேகம் ஆகியவற்றை டிவி பார்த்துக்கொள்ளும், ஒலி இ-ஆர்க்கில் வரும். இந்த ஒரு முடிவால் ரிசீவரில் 8கே, 40 கிகாபிட் என்று விற்கப்படும் போர்ட்டுகள் உங்களுக்குத் தேவையற்றதாகிவிடுகின்றன. ப்ளூ-ரே பிளேயரை மட்டும் ரிசீவரிலேயே மாட்டுங்கள். காரணம், பல டிஸ்குகளில் இருக்கும் டிடிஎஸ் என்ற ஒலி வடிவத்தைப் பல டிவிகள் கடத்துவதில்லை. சாம்சங் 2018 மாடல்களிலிருந்து அதை விட்டுவிட்டது. எல்ஜி 2020 முதல் 2022 வரையிலான மாடல்களில் அது இல்லை. டிவி வழியாகக் கொண்டுவந்தால் பாதி டிஸ்குகள் வெறும் ஸ்டீரியோவாகக் கேட்கும், ரிசீவர் கெட்டுவிட்டதோ என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். 4கே டிஸ்குக்கு 18 கிகாபிட் எச்.டி.எம்.ஐ. போதும், அதோடு நகலெடுப்பைத் தடுக்கும் எச்டிசிபி 2.2 முறையும் இருக்க வேண்டும். செட்டாப் பாக்ஸ், ஸ்டிக் இரண்டும் எங்கே இருந்தாலும் சரி.

ஆர்க், இ-ஆர்க் வேறுபாடு உங்களுக்கு முக்கியம். சாதாரண ஆர்க்கில் டால்பி டிஜிட்டல் பிளஸ் வரைதான் போகும். ஸ்ட்ரீமிங் ஆப்களின் அட்மாஸ் அந்த வடிவில்தான் வருகிறது என்பதால் ஸ்டிக்குக்கு அது போதும். ஆனால் பிஎஸ்5 தரும் பல சேனல் பிசிஎம் (சுருக்காத) ஒலி ஆர்க்கில் போகாது, 37 மெகாபிட் வரை கடத்தும் இ-ஆர்க்கில்தான் போகும். எனவே உங்கள் பட்டியலில் முதல் கட்டாயம் இ-ஆர்க். யமஹா ஆர்.எக்ஸ்-வி385 விலைக்கு மிக நல்ல 5.1 ரிசீவர், ஆனால் அதில் ஆர்க் மட்டுமே. பிஎஸ்5 இல்லாத வீட்டுக்கு அதைத் தயங்காமல் சொல்லலாம், உங்களுக்கு அது பொருந்தாது.

5.1-ஆ, 7.2-ஆ?

புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 2 சப்வூஃபர் முனைகளின் எண்ணிக்கை. இந்த விலையில் பெரும்பாலும் இரண்டு முனையிலும் ஒரே ஒலிதான் வரும். அதற்காகக் கூடுதலாக எதுவும் கொடுக்க வேண்டாம்.

ஏழு சேனலை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். ஒன்று, பின்னால் இன்னும் இரண்டு ஸ்பீக்கர். உங்கள் சோஃபா சுவரை ஒட்டி இருப்பதால் அதற்கு இடமே இல்லை. தலைக்குப் பின்னால் குறைந்தது மூன்று, நான்கு அடி வேண்டும். இன்னொன்று, மேலே இரண்டு வைத்து 5.1.2 அட்மாஸ். நம் வீடுகளில் இதுவும் எளிதல்ல. கான்கிரீட் தளத்தில் ஸ்பீக்கரைப் புதைக்க முடியாது, ஃபால்ஸ் சீலிங் வேண்டும். மேல்நோக்கி ஒலியை அடித்து எதிரொலிக்க வைக்கும் ஸ்பீக்கர்களுக்கு ஏழரை முதல் 12 அடி உயரத்தில், தடையில்லாத தட்டையான தளம் தேவை. உயரம் நமக்குச் சரியாகவே இருக்கும், ஆனால் ஹாலின் நடுவே உத்திரமோ சுழலும் மின்விசிறியோ இருந்தால் எதிரொலி சிதறிவிடும். நடைமுறையில் நன்றாக வேலை செய்வது முன்சுவரில், கூரையை ஒட்டி, இடமும் வலமும் இரண்டு சிறிய ஸ்பீக்கர்களை உங்கள் பக்கம் சாய்த்து மாட்டுவது. டெனானில் இதை 'ஃப்ரன்ட் ஹைட்' என்றும் யமஹாவில் 'ஃப்ரன்ட் பிரசன்ஸ்' என்றும் தேர்வு செய்ய வேண்டும்.

இந்த இரண்டு ஸ்பீக்கரையும் ஒரு வருடத்துக்குள் மாட்டப் போகிறீர்கள் என்றால் 7 சேனல் வாங்குங்கள். 'பிறகு எப்போதாவது பார்க்கலாம்' என்பதுதான் நினைப்பு என்றால் 5 சேனல் போதும். மிச்சப் பணத்தில், டிவிக்குக் கீழே நடுவில் இருக்கும் சென்டர் ஸ்பீக்கரை மாற்றுங்கள். படத்தின் வசனம் பெரும்பாலும் அந்த ஒரு பெட்டியிலிருந்துதான் வருகிறது. 'பாட்டு சத்தமாக இருக்கிறது, பேசுவது கேட்கவில்லை' என்ற குறைக்கு ரிசீவரைக் குற்றம் சொல்பவர்கள் பலர். பெரும்பாலும் காரணம் முன்ஸ்பீக்கர்களோடு பொருந்தாத சின்ன சென்டர்தான்.

உங்கள் வரம்புக்குள் நான் பார்க்கச் சொல்லும் வகைகள் இவை. 5 சேனலில் யமஹா ஆர்.எக்ஸ்-வி4ஏ: நான்கு எச்.டி.எம்.ஐ. உள்ளீடு, இ-ஆர்க், வைஃபை, அறைத் திருத்தத்துக்கு ஒய்பாவ். அட்மாஸ் கிடையாது. 7 சேனலில் டெனான் ஏ.வி.ஆர்-எக்ஸ்1700எச் அல்லது அதன் பின்வந்த எக்ஸ்1800எச்: 8 ஓமில் சேனலுக்கு 80 வாட், ஆறு உள்ளீடு, அறைத் திருத்தத்துக்கு ஆடிசி மல்ட்ஈக்யூ எக்ஸ்டி. ஆன்கியோ டிஎக்ஸ்-என்ஆர்6100-இல் 100 வாட்டும் இரண்டு எச்.டி.எம்.ஐ. வெளியீடும் இருக்கின்றன, ப்ரொஜெக்டர் வாங்கும் எண்ணம் இருப்பவர்களுக்கு அது வசதி. அறைத் திருத்தத்தில் டெனானே மேல். மூன்றில் உங்களுக்கு எது என்றால், டெனானின் முந்தைய மாடல் தள்ளுபடியில் வரம்புக்குள் வந்தால் அதை எடுங்கள். வராவிட்டால் வி4ஏ வாங்கி, மீதியை சென்டருக்கு வையுங்கள். எதை எடுத்தாலும் உங்கள் ஊரிலோ பக்கத்து மாவட்டத் தலைநகரிலோ அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். பத்துக் கிலோ பெட்டியைக் கூரியரில் அனுப்பிச் சரிசெய்வது பெரும்பாடு.

அமெரிக்காவிலிருந்து வாங்கி வர வேண்டாம். அங்கே விற்கும் ரிசீவர்கள் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டவை. மொபைல் சார்ஜர் போல இரண்டு வோல்டேஜிலும் ஓடாது. நம் 230 வோல்ட்டில் செருகிய நொடியே உள்ளே எரியும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் ஓடும்தான், ஆனால் 500 வாட் ரிசீவருக்கு 1000 விஏ அளவிலாவது வேண்டும். அது கனமானது, சூடாகும், உறுமும். என்றாவது ஒரு நாள் வீட்டில் யாராவது தெரியாமல் நேரடியாகச் செருகிவிடும் ஆபத்தும் எப்போதும் உண்டு. இந்திய வாரன்டியும் கிடைக்காது. சிங்கப்பூரிலோ துபாயிலோ உறவினர் இருந்தால் வோல்டேஜ் பொருந்தும், வாரன்டி சிக்கல் அப்படியே இருக்கும்.

பழையது வாங்குவதானால் விற்பவர் வீட்டிலேயே ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு எச்.டி.எம்.ஐ. உள்ளீட்டிலும் 4கே படம் வர வேண்டும். டெஸ்ட் டோனில் எல்லாச் சேனலும் கரகரப்பின்றி ஒலிக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் படம் நிற்க வேண்டும், உங்கள் பழைய பெட்டியின் நோய் சூடான பிறகுதான் வெளியே தெரியும். அறையின் ஒலியை அளக்க ரிசீவரோடு வந்த மைக் கூடவே இருக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தன் மைக்கின் தன்மைக்கு ஏற்றபடிதான் கணக்கிடுகிறது, வேறு மைக் மாட்டினால் அளவு தப்பாகும். 2014-க்கு முந்தையதைத் தொடாதீர்கள், எச்டிசிபி 2.2 இராது. 2020-இல் வந்த சில டெனான், மரான்ட்ஸ், யமஹா மாடல்களில் எச்.டி.எம்.ஐ. 2.1 சிப்பில் பிழை இருந்தது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்-இலிருந்து 4கே 120 ஹெர்ட்ஸ் கொடுத்தால் திரை கறுத்துவிடும். டெனானும் மரான்ட்ஸும் இடையில் மாட்ட ஒரு சிறு பெட்டி கொடுத்தன, யமஹா போர்டையே மாற்றிக் கொடுத்தது. பிஎஸ்5-ஐ டிவியில் மாட்டப் போகும் உங்களுக்கு இது தொல்லை இல்லை, விலை பேச உதவும்.

மாட்டும்போது எங்கே தவறும்

ஸ்பீக்கர் ஒயருக்குப் பெரிய விலை கொடுக்காதீர்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 15 மீட்டர் வரை 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் போதும். எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள இரட்டை ஃப்ளெக்சிபிள் ஒயர் அந்த வேலையைக் குறைவின்றிச் செய்யும். செம்பு பூசிய அலுமினிய ஒயரைத் தவிருங்கள், முக்கியமாகக் கடலோர ஊர்களில், முனைகள் சீக்கிரம் பூத்துப்போகும். நுனியில் ஒன்றரை செ.மீ. மட்டும் உரித்து, இழைகளை இறுக்கி முறுக்கிச் செருகுங்கள். ஒரே ஒரு மெல்லிய இழை பக்கத்து முனையைத் தொட்டால் ரிசீவர் பாதுகாப்பு நிலைக்குப் போய் அணைந்துவிடும். புது ரிசீவர் 'வந்தவுடனே செத்துவிட்டது' என்று திருப்பி அனுப்பப்படுவதற்கு இது அடிக்கடிக் காரணமாகிறது. சிவப்பு சிவப்புக்கும் கறுப்பு கறுப்புக்கும் போக வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மாறினாலும் பேஸ் மெலிந்து, குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் போகும். ரிசீவரில் ஓம் தேர்வு இருந்தால் 8-இலேயே விட்டுவிடுங்கள். குறைத்து வைத்தால் அது ஆம்பின் வோல்டேஜைக் கட்டுப்படுத்துகிறது, ஒலி நலம் எதுவும் கூடுவதில்லை.

இ-ஆர்க் இணைப்புக்கு 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' சான்று ஒட்டிய, இரண்டு மீட்டர் எச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்று வாங்குங்கள். டிவி அமைப்பில், கருவிகள் ஒன்றையொன்று இயக்க உதவும் சிஇசி-யையும் இ-ஆர்க்கையும் இயக்கி, டிஜிட்டல் ஒலியை 'பாஸ் த்ரூ' என்று மாற்றுங்கள். ஒலி வராவிட்டால் இரண்டு கருவிகளின் பிளக்கையும் பிடுங்கி, முதலில் டிவியை, பிறகு ரிசீவரைப் போடுங்கள்.

வைக்கும் இடம் ஆயுளைத் தீர்மானிக்கிறது. கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் ரிசீவரை அடைப்பதுதான் அதைக் கொல்லும் நிச்சயமான வழி. டெனான் கையேடுகள் சுற்றிலும் 30 செ.மீ. இடைவெளி கேட்கின்றன. அவ்வளவு முடியாது என்றால் மேலே ஒரு சாண் விட்டு, பின்பலகையை அறுத்துத் திறந்து, கணினிக் கடையில் கிடைக்கும் 120 மி.மீ. யுஎஸ்பி விசிறி ஒன்றைச் சூடான காற்றை வெளியே தள்ளும்படி வையுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் அறையே 38 டிகிரி இருக்கும்போது அந்தச் சின்ன விசிறி பெரிய உதவி. செட்டாப் பாக்ஸை ரிசீவரின் மேல் வைக்காதீர்கள். கதகதப்பான துளைகளுக்குள் எறும்பும் கரப்பானும் பல்லியும் குடியேறும். பல்லி விழுந்து போர்டு ஷார்ட் ஆவது இங்கே உண்மையான பழுது, வாரன்டியிலும் வராது. ரிசீவர் அணைந்து ஆறிய பின், காற்றோட்டத்தை அடைக்காத அளவு கண்ணுள்ள நைலான் வலையை மேலே விரித்து வைக்கலாம்.

இடி மழைக் காலத்தில் மின்பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. டிஷ் ஆன்டெனா கேபிள், லேன் கேபிள் இரண்டையும் கழற்ற வேண்டும். மின்னல் அதிர்வு மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து செட்டாப் பாக்ஸுக்கும், அங்கிருந்து எச்.டி.எம்.ஐ. வழியாக டிவிக்கும் ரிசீவருக்கும் இறங்குகிறது. ஒரே இரவில் மூன்று கருவிகளின் எச்.டி.எம்.ஐ. போர்ட்டும் போவது இந்த வழியில்தான். உங்கள் பகுதியில் வோல்டேஜ் 200-க்குக் கீழே இறங்குவதும் 250-க்கு மேல் ஏறுவதும் வழக்கம் என்றால் ஸ்டெபிலைசர் வையுங்கள். ஓரளவு நிலையாக இருந்தால் நல்ல சர்ஜ் புரொடெக்டர் போதும். சதுர அலை தரும் பழைய வகை இன்வெர்ட்டரில் ரிசீவரை ஓட்ட வேண்டாம், டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடாகும்.

எல்லாம் மாட்டியதும் சப்வூஃபரில் 'ம்ம்ம்' என்று ஓயாத உறுமல் வந்தால், முதலில் செட்டாப் பாக்ஸின் ஆன்டெனா கேபிளைக் கழற்றுங்கள். உறுமல் நின்றால் அது எர்த் சுற்று. எல்லாக் கருவிகளையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் மாட்டிப் பாருங்கள், அதற்கும் போகாவிட்டால் அந்தக் கேபிளின் நடுவே ஒரு ஐசொலேட்டர் போடலாம். எர்த் பின்னை வெட்டுவது தீர்வு அல்ல, உயிருக்கு ஆபத்து.

அளவீட்டைச் சரியாகச் செய்யுங்கள்

ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கிவிட்டு மைக் வைத்து அறையை அளக்கும் இந்த இருபது நிமிட வேலையைத் தவிர்ப்பவர்கள் வாங்கியதில் பாதியைத்தான் கேட்கிறார்கள். நம் ஹால்களில் இது இன்னும் முக்கியம். டைல்ஸ் தரை, வெறும் சுவர், கான்கிரீட் கூரை, எல்லாமே ஒலியைத் திருப்பி அடிக்கும். அளப்பதற்கு முன் சோஃபாவுக்கும் டிவிக்கும் நடுவே தடித்த ஜமக்காளம் ஒன்றை விரியுங்கள், சன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். அந்த இரண்டும் வசனத்துக்குச் செய்யும் நன்மையை எந்த ரிசீவரும் செய்யாது.

சப்வூஃபரின் சத்தத் திருகை பாதியில் வையுங்கள், கிராஸ்ஓவர் திருகை முழுவதும் ஏற்றிவிடுங்கள். பேஸைப் பிரித்து சப்வூஃபருக்கு அனுப்பும் அந்த வேலையை ரிசீவர் செய்யும். மின்விசிறி, ஏசி அணைக்க வேண்டும், அடுக்களையில் குக்கர் விசில் அடிக்காத நேரமாகப் பாருங்கள். மைக்கை கேமரா ஸ்டாண்டில், உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் நிறுத்துங்கள். சோஃபாவின் முதுகில் வைத்தால் அதன் துணியும் பின்சுவரும் அளவைக் கெடுக்கும்; சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது முன்னால் இருக்கட்டும். டெனான் எட்டு இடங்கள் வரை கேட்கும். முதல் இடம்தான் தூரத்தையும் சத்த அளவையும் தீர்மானிப்பது, மற்றவற்றை அதைச் சுற்றி இரண்டடிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் முடிவுகளைப் பாருங்கள். முன்ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' என்று எழுதியிருந்தால் 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். கையடக்க சரவுண்ட் என்றால் 120. ஆம்பின் சுமை இதில்தான் பெரிதாகக் குறைகிறது. சப்வூஃபர் 8 அடியில் இருக்க ரிசீவர் 12 அடி என்று காட்டினால் திருத்தாதீர்கள், சப்வூஃபரின் உள்சுற்றில் ஏற்படும் தாமதத்தையும் சேர்த்துத்தான் அது கணக்கிடுகிறது. சப்வூஃபரின் அளவு எல்லையைத் தொட்டு மைனஸ் 12 என்று காட்டினால், சப்வூஃபரிலேயே சத்தத்தைக் குறைத்து மறுபடி அளக்க வேண்டும். வசனம் இன்னும் அமுங்கியிருந்தால் சென்டரை 2 டெசிபல் ஏற்றலாம். சென்டர் பெட்டியை அலமாரியின் விளிம்புக்கு முன்னே இழுத்து, முகத்தை உங்கள் காதை நோக்கி ஒரு ரப்பர் துண்டு கொடுத்து நிமிர்த்தினால் பாதிக் குறை அங்கேயே போகும். இரவில் மெல்ல வைத்துப் பார்ப்பதற்கு, டெனானில், சத்தம் குறையும்போது பேஸை ஈடுகட்டும் 'டைனமிக் ஈக்யூ' போட்டு ரெஃபரன்ஸ் ஆஃப்செட்டை 10-இல் வையுங்கள். பூஜ்யத்தில் விட்டால் பேஸும் சரவுண்டும் தூக்கலாகக் கேட்கும்.

பழைய ரிசீவரைத் தூக்கிப் போட வேண்டாம். எச்.டி.எம்.ஐ. மட்டும் போன அந்தப் பெட்டி, இன்னொரு அறையில் இரண்டு ஸ்பீக்கரோடு பாட்டுக் கேட்க இன்னும் பல ஆண்டு உழைக்கும். டிவியின் ஆப்டிக்கலோ, ஆக்ஸ் கேபிளில் மாட்டிய ஒரு ப்ளூடூத் ரிசீவரோ அதற்குப் போதும்.